குடும்ப விவரப் பட்டியல்: கணினி ஏன் நம்மிடம் திரும்பக் கேள்வி கேட்கிறது?



ஒவ்வோர் ஆண்டும் ரமலானுக்கு முன்பு நமது அறக்கட்டளை குடும்ப விவரப் படிவங்களை வீடு வீடாகக் கொடுத்துத் திரும்பப் பெறுகிறது. ஜகாத் பங்கீடு, கைம்பெண்களுக்கான மாத உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, மருத்துவ உதவி ஆகிய எல்லாமே இந்தப் படிவங்களிலிருந்து உருவாகும் ஒரே பட்டியலை வைத்துத்தான் நடைபெறுகின்றன. படிவம் வாங்கிய சில நாட்களில் ஒரு சில வீடுகளுக்கு மட்டும் நமது தொண்டர்கள் மீண்டும் போகிறார்கள். "எல்லாம் எழுதிக் கொடுத்தோமே, எங்களை மட்டும் ஏன் திரும்பக் கேட்கிறீர்கள்? எங்கள் மேல் சந்தேகமா?" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அதற்கு விளக்கம் தர வேண்டியது எங்கள் கடமை என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், கேள்வி கேட்பது சந்தேகத்தினால் அல்ல. நாங்கள் முன்கூட்டியே எழுதி வைத்த சில விதிகளோடு உங்கள் விவரம் ஏதோ ஓரிடத்தில் பொருந்தவில்லை என்று கணினி குறித்திருக்கிறது. தவறு உங்கள் எழுத்தில் இருக்கலாம். தட்டச்சு செய்த நம் பிள்ளைகளிடம் இருக்கலாம். அந்த விதியிலேயே இருக்கலாம். எதில் இருக்கிறது என்று நேரில் கேட்டால்தான் தெரியும்.

பட்டியலும் விதிகளும்

பட்டியலில் ஒரு நபருக்கு ஒரு வரி. மேலிருந்து கீழாக வரும் ஒவ்வொரு பத்தியும் ஒரு விவரம்: பெயர், பிறந்த தேதி, மணநிலை, வகுப்பு, மாத வருமானம், வங்கிக் கணக்கு எண் என்று. படிவத்தில் எழுதும்போது ஒரு தவறு நேரலாம். நம் பகுதியில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் புழங்குவதால் படிப்பவர் ஒரு பெயரை வேறு விதமாக வாசிக்கலாம். தட்டச்சில் ஓர் எண் மாறலாம். நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்ணால் பார்த்துத் தவறு தேடினால் பத்தாவது பக்கத்தில் கண் சோர்ந்துவிடும். முதல் பக்கத்தில் பிடிபட்ட தவறு கடைசிப் பக்கத்தில் தப்பிவிடும். அது கடைசிப் பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் அநீதி.

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு பேராசிரியர்கள் 1990-களில் உருவாக்கியது. விலை கிடையாது, யாரும் இறக்கிக் கொள்ளலாம். அதில் சேர்த்துக் கொள்ளக்கூடிய 'வேலிடேட்' என்ற ஒரு கருவியும் இலவசம்தான். நெதர்லாந்து அரசின் புள்ளியியல் அலுவலகத்தைச் சேர்ந்த மார்க் வான் டெர் லூ, எட்வின் டி யோங்கே இருவரும் அதை உருவாக்கினார்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு சில வாரங்களில் இதைப் பழகிக் கொள்கிறார்கள்.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிது. விதிகள் ஒரு கோப்பில் இருக்கும். பட்டியல் வேறொரு கோப்பில் இருக்கும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால், ஒவ்வொரு விதிக்கும் மூன்று எண்ணிக்கை வரும்: எத்தனை வரிகள் பொருந்தின, எத்தனை பொருந்தவில்லை, விவரம் காலியாக இருந்ததால் எத்தனை வரிகளைச் சோதிக்கவே முடியவில்லை. பிறகு பொருந்தாத வரிகளை மட்டும் தனியே எடுத்துக் கொள்ளலாம்.

விதியும் பட்டியலும் தனித்தனிக் கோப்பில் இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. படிவங்களைத் திறப்பதற்கு முன்பே நிர்வாகக் குழுக் கூட்டத்தில் விதிகளை வாசித்து ஒப்புதல் பெற்றுவிடுகிறோம். அதன் பிறகு தெரிந்தவர் வீட்டுக்கு ஒரு விதி, தெரியாதவர் வீட்டுக்கு ஒரு விதி என்று வளைக்க முடியாது. செயலாளர் வீட்டுப் படிவமும் அதே விதிகளைத்தான் கடக்க வேண்டும்.

ஆறு வகைக் கேள்விகள்

எங்கள் விதிகள் ஆறு வகையில் அடங்கும்.

முதலாவது, வடிவம். கைபேசி எண் 10 இலக்கம். அஞ்சல் குறியீடு 6 இலக்கம். வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுவது சர்வ சாதாரணம். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும்.

இரண்டாவது, வரம்பு. வயது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. பிறந்த தேதி இன்றைய தேதிக்குப் பிந்தியதாக இருக்காது.

மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட பட்டியல். சில பத்திகளில் இன்ன இன்ன சொற்கள்தான் வரலாம். ஜகாத் பெறத் தகுதியானவர்களைத் திருக்குர்ஆன் 9:60 வசனம் எட்டு வகையாக வரையறுக்கிறது. ஆகவே ஜகாத் பத்தியில் அந்த எட்டில் ஒன்றுதான் வர வேண்டும். ஒன்பதாவதாக ஒன்றை யாராவது எழுதினால் அந்த உதவியை ஸதகா நிதியிலிருந்துதான் பார்க்க வேண்டும். இரண்டு கணக்கும் கலந்துவிடாமல் இந்த விதி காக்கிறது.

வடிவம் சரியாக இருந்தும் பட்டியலில் இல்லாமல் போவதும் உண்டு. நம் பகுதியில் பலருக்கு ஆந்திரா வங்கியில் கணக்கு இருந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று அது யூனியன் வங்கியோடு இணைக்கப்பட்டது. பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீட்டில் 11 எழுத்துகளும் இருக்கும், ஐந்தாவது இடத்தில் பூஜ்யமும் இருக்கும்; ஆனால் அது இன்று வழக்கில் இல்லை. வடிவத்தை மட்டும் சோதித்தால் இது தப்பிவிடும்.

நான்காவது, ஒன்றுக்கு ஒன்று. ஒரே குடும்ப எண் இரண்டு முறை வரக்கூடாது. ஒரே வங்கிக் கணக்கு எண் இரு வேறு குடும்பங்களில் வந்தால் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, பொருத்தம். ஒரு பத்தி இன்னொரு பத்தியோடு ஒத்துப்போக வேண்டும். குடும்பத்தில் 5 பேர் என்று முதல் பக்கத்தில் இருந்து, உள்ளே 4 பெயர்கள் மட்டும் இருந்தால் ஒருவர் விடுபட்டிருக்கிறார். 6 வயதுக் குழந்தை பத்தாம் வகுப்பு என்று இருந்தால் இரண்டில் ஒன்று தவறு.

ஆறாவது, நிறைவு. எத்தனை படிவம் வாங்கினோமோ அத்தனையும் கணினியில் ஏறியிருக்கிறதா? இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரங்கள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயின. பழைய வகை எக்செல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் வந்தவை ஓசையின்றி உதிர்ந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போவது தாமதமானது. வந்ததையும் ஏறியதையும் எண்ணி ஒப்பிடும் ஒரே ஒரு விதி இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

பதினான்கு வயதில் மனைவியை இழந்தவர்கள்

பொருத்த விதி ஏன் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மனைவியை இழந்த 14 வயதுச் சிறுவர்கள் நம்ப முடியாத எண்ணிக்கையில் இருந்தார்கள். அன்ஸ்லி கோல், ஃபிரெடரிக் ஸ்டீபன் என்ற இரு அறிஞர்கள் இதன் காரணத்தை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார்கள்.

அக்காலத்தில் விவரங்களை அட்டைகளில் துளையிட்டுப் பதிவு செய்வார்கள். சில அட்டைகளில் துளைகள் ஒரு கட்டம் வலப்புறம் தள்ளிப் போயிருந்தன. அதனால் ஆண் என்பதைக் குறிக்கும் 1 என்ற எண் வயதின் முதல் இலக்கமாகிவிட்டது. 40-களில் உள்ளவரின் வயதில் இருந்த 4 இரண்டாவது இலக்கமாகிவிட்டது. மிச்சமிருந்த இலக்கம் மணநிலைக் கட்டத்தில் போய் விழுந்தது. நடுத்தர வயது மனிதர் ஒருவர் 14 வயதில் மனைவியை இழந்தவராக மாறிவிட்டார்!

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 14 என்பது சரியான வயதுதான். மனைவியை இழந்தவர் என்பதும் சரியான மணநிலைதான். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் குற்றம் தெரிகிறது. கோடிக்கணக்கான அட்டைகளில் மிகச் சிலவற்றில் நேர்ந்த இந்தத் தவறு, அபூர்வமான பிரிவினரின் கணக்கையே புரட்டிப் போட்டுவிட்டது. நம்முடைய பட்டியலிலும் அபூர்வமானவர்கள்தான் உதவிக்கு உரியவர்கள்: இளம் வயதுக் கைம்பெண், தகப்பனை இழந்த குழந்தை, மாற்றுத்திறனாளி. தவறு சிறிதாக இருந்தாலும் அது போய் விழுவது இவர்கள் மேல்தான்.

திருத்தணி எந்த மாவட்டம்?

இனி விதியே தவறாகப் போகும் இடத்துக்கு வருவோம். "பிறந்த ஊர் திருத்தணி என்றால் மாவட்டம் திருவள்ளூர், மாநிலம் தமிழ்நாடு" என்று ஒருவர் விதி எழுதினால் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊரின் வரலாறு அப்படி இல்லை.

1888-இல் இங்கே டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தபோது இது சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு நாமும் ஆந்திராவுக்குப் போனோம். 1956-இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1997-இல்தான் திருவள்ளூர் மாவட்டம் உருவானது.

ஒரே வீட்டில், ஒரே தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 1958-இல் பிறந்த பாட்டியின் சான்றிதழில் சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம் என்று இருக்கும். 1975-இல் பிறந்த மகனுக்குச் செங்கல்பட்டு. 2003-இல் பிறந்த பேத்திக்குத் திருவள்ளூர். மூன்றும் உண்மை, யாரும் வீடு மாறவில்லை, எல்லைதான் மாறியது. மேலே சொன்ன விதி இந்த வரலாறு தெரியாமல் பாட்டியையும் மகனையும் தவறானவர்கள் என்று குறிக்கும். ஆகவே எங்கள் விதியில் பிறந்த ஆண்டையும் சேர்த்திருக்கிறோம். எந்த ஆண்டில் பிறந்தாரோ அந்த ஆண்டின் மாவட்டம் எதுவோ அதுவே சரி.

விதி எழுதுபவருக்கு நிரல் மட்டும் தெரிந்தால் போதாது; ஊரும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் விதிகளை வாசிக்கும் கூட்டத்துக்கு முஹல்லாவின் பெரியவர்களையும் அழைக்கிறோம்.

பெயர் என்னும் சிக்கல்

இதைவிடப் பெரிய சிக்கல் நம் பெயர்கள். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். சிலர் இரண்டெழுத்தில் சுருக்கியும் எழுதுகிறார்கள். ஷேக் என்பதை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விதமாகவும் இந்தப் பக்கம் வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். ஓர் அட்டையில் தகப்பனார் பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது. இன்னோர் அட்டையில் முழுப் பெயராக வருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் விதி இவை எல்லாவற்றையும் வெவ்வேறு ஆட்கள் என்றே எண்ணும். மறுபுறம், ஒரே பெயரும் ஜனவரி 1 என்ற ஒரே பிறந்த தேதியும் கொண்ட இருவரை அது ஒருவர் என்று எண்ணக்கூடும். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் பலருக்கு ஜனவரி 1 என்றே பதிவாகியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

இது நமது அறக்கட்டளையோடு நிற்கும் விஷயம் அல்ல. மேற்கு வங்கத்தில் 2025-26-இல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தம் நடந்தபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்களில் 'தர்க்க முரண்பாடு' இருப்பதாகக் குறிக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள தகப்பனார் பெயரோடு பொருந்தாமை, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே 15 ஆண்டுகளுக்குக் குறைவாகவோ 50 ஆண்டுகளுக்கு அதிகமாகவோ வயது வித்தியாசம் என்பவை அந்த விதிகளில் சில. 52 வயதுத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் நம்மிலும் உண்டு. விதிக்கு அது முரண்பாடு. வாழ்க்கையில் அது முரண்பாடு அல்ல. 2026 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், அப்படிக் குறிக்கப்பட்டவர்களின் பெயர்களை ஊராட்சி, வட்டார அலுவலகங்களில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும், அவர்கள் ஆவணம் தந்து விளக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

விதிகளைக் கொண்டு பட்டியலைச் சரிபார்க்கும் எவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. குறிக்கப்பட்டவருக்குத் தாம் குறிக்கப்பட்டது தெரிய வேண்டும். எந்த விதியால் என்று தெரிய வேண்டும். பதில் சொல்ல அவகாசம் வேண்டும். நமது தொண்டர் கொண்டு வரும் கேள்விச் சீட்டில் எந்த விவரம், எந்த விதியோடு பொருந்தவில்லை என்று எழுதியிருப்பது இதனால்தான். பதில் வரும்வரை ஏற்கெனவே கிடைத்துவரும் உதவி நிற்காது.

கணினியே திருத்திவிடலாமா?

"தவறைக் கண்டுபிடிக்கும் கணினி அதைத் திருத்தியும் விடலாமே?" என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். முடியும். 1976-இல் கனடாவின் இவான் ஃபெலெகியும் டேவிட் ஹோல்ட்டும் இதற்கு ஒரு முறையே வகுத்தார்கள். எல்லா விதிகளும் நிறைவேறும்படி, மிகக் குறைந்த விவரங்களை மட்டும் மாற்றுவது. மாற்றும் இடத்தில், மற்ற விவரங்களில் ஒத்திருக்கும் வேறொருவரின் விவரத்தைப் பார்த்து நிரப்புவது. உலகின் பல புள்ளியியல் அலுவலகங்கள் இந்த வழியில் நடக்கின்றன.

அவர்களுக்கு அது பொருந்தும். நாட்டில் எத்தனை கைம்பெண்கள் என்பதுதான் அவர்களது கேள்வி. ஒரு வரி சற்று முன்பின் இருந்தாலும் மொத்தக் கணக்கு சரியாக வந்தால் போதும். நமது கேள்வி வேறு. இந்தத் தெருவில் இந்த வீட்டில் இருக்கும் இந்தச் சகோதரிக்கு இந்த மாதம் உதவி போய்ச் சேர்ந்ததா என்பதே நமது கேள்வி. வங்கிகள் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கின்றன. ஓர் இலக்கம் மாறினால் அந்தப் பணம் வேறொருவருக்குப் போய்விடும். நமக்கு மொத்தக் கணக்கு என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம். ஆகவே கணினி குறித்துக் காட்டலாம்; திருத்தக்கூடாது. திருத்துவது உங்கள் வாய்ச்சொல்லும் உங்கள் ஆவணமும்தான். இந்தக் காரணத்துக்காகத்தான் தொண்டர்கள் வெயிலில் நடந்து உங்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

விதியைக் கடந்துவிட்டால் விவரம் உண்மை என்றும் ஆகிவிடாது. ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் ஒரு சோதனை இலக்கம். யாகோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-இல் வெளியிட்ட முறைப்படி அது அமைந்திருக்கிறது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அண்ணன் படிவத்தில் தம்பியின் ஆதார் எண்ணை எழுதிவிட்டால் அதற்குத் தெரியாது. அதுவும் சரியான எண்தானே! அரசு உதவித்தொகைக்குக் கணினி மையத்தில் விண்ணப்பிக்கும்போது, எண்ணை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று விட்டுவிடாமல் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நமது படிவத்தில் ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டுமே கேட்கிறோம். முழு எண் நமக்குத் தேவையில்லை. தேவையில்லாததை வாங்கி வைப்பது அமானிதத்துக்கு உகந்ததல்ல.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

1. வயதை எழுதாமல் பிறந்த தேதியை எழுதுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04/2012 என்றால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்று கணினிக்கும் குழப்பம் வரும்.

2. பெயரை வங்கி பாஸ்புக்கில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். வேறு அட்டைகளில் வேறு விதமாக இருந்தால் அதையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள். வித்தியாசம் இருப்பது குற்றமல்ல, மறைந்திருந்தால்தான் தொல்லை.

3. வங்கி இணைப்புக்கு முந்தைய பாஸ்புக் இருந்தால் கிளைக்குச் சென்று புதியது வாங்கிக் கொள்ளுங்கள்.

4. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். வருமானம் இல்லை என்றால் 0 என்றும், தெரியவில்லை என்றால் "தெரியாது" என்றும் எழுதுங்கள். காலி இடத்தைக் கணினி இரண்டாகவும் எடுத்துக் கொள்ளாது. சோதிக்க முடியவில்லை என்று ஒதுக்கி வைத்துவிடும்.

5. பெரியவர்களின் பழைய பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றில் சித்தூர், ஆந்திரா என்று இருக்கிறதே என்று பயந்து திருத்த முயலாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். அது நம் ஊரின் வரலாறு. உங்கள் உரிமைக்கும் சான்று.

6. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்த அரசு அறிவித்திருக்கிறது. இந்த முறை விவரங்கள் கைபேசிச் செயலியில் பதிவாகும். பெயர், பிறந்த தேதி, உறவுமுறை ஆகியவற்றை வீட்டில் இப்போதே ஒரு தாளில் சரியாக எழுதி வைத்துக் கொண்டால் அப்போதும் உதவும்.

7. கேள்விச் சீட்டு வந்தால் சங்கடப்பட வேண்டாம். உங்கள் பதிலில் விதிதான் தவறு என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் அந்த விதியை மாற்றுவோம், இன்ஷா அல்லாஹ்.

படிவம் நிரப்பக் கஷ்டப்படும் முதியவர்களும் தனியாக வாழும் சகோதரிகளும் நம் முஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, அவர்களிடம் கேட்டு எழுதிக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும். எழுதி முடித்ததும் அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்